பதினாலு ஃபோல்டரை டெலிட் பண்ணிட்டு கிட்டுக்கு மாறுன கதை, கூடவே நீங்க மாறுறது எப்படின்னு

பில்_புதுசு, பில்_புதுசு2, பில்_ஃபைனல், பில்_ஃபைனல்_ஒரிஜினல், பில்_தீபாவளிக்கு_முன்னாடி, பில்_இதைத்தான்_யூஸ்_பண்ணு. என் பழைய லேப்டாப்போட டி டிரைவ்ல இப்படி மொத்தம் பதினாலு ஃபோல்டர் இருந்துச்சுங்க. சேலத்துல செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்திருந்தேன், பெருசா ஒண்ணும் இல்ல, எடையை டச்சால (நூத்துக்கு எவ்ளோ சுத்த வெள்ளிங்கற அளவு) பெருக்கி சுத்த வெள்ளி எவ்ளோ, சேதாரம் எவ்ளோ, கூலி எவ்ளோன்னு போட்டு பில் அடிக்கும், அவ்ளோதான். ஒருநாள் பட்டறைக்காரர் போன் பண்றார், "தம்பி, ரெண்டு மாசமா வெள்ளிக் கணக்கு இடிக்குதுப்பா, பில்லுல வர்றதும் நோட்டுல இருக்கறதும் ஒத்து வரல"ன்னு. போய்ப் பார்த்தா நான்தான் எப்பவோ ஒரு இடத்துல கிராமுக்குக் கீழ வர்ற மில்லியையெல்லாம் வெட்டி எறியற மாதிரி மாத்தி வச்சிருக்கேன். ஒரு பில்லுக்கு சராசரியா அரை கிராம் போயிருக்கு. எப்ப மாத்துனேன், எதுக்கு மாத்துனேன், கூட வேற எதைத் தொட்டேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. பதினாலு ஃபோல்டரையும் ஒண்ணொண்ணா திறந்து பாத்துட்டு ராத்திரி மூணு மணிக்குப் படுத்தேன்.

மறுநாள் அவர் ஒரு வார்த்தை சொன்னார், அதான் என்னைக் குத்திருச்சு. பட்டறைல வெள்ளி கை மாறுச்சுன்னா எடை போட்டு நோட்டுல எழுதாம மாறாது. உருக்கப் போறப்ப ஒரு எடை, கம்பி இழுத்து வந்தப்ப ஒரு எடை, பத்த வச்சு முடிச்சு வந்தப்ப ஒரு எடை, யார் கைல போச்சு, என்னைக்குப் போச்சுன்னு எல்லாம் இருக்கும். "நாங்க ஒரு கிராமுக்கே நோட்டு போடுறோம், நீ இத்தனை வேலை செய்யற, ஒரு நோட்டு போட மாட்டியா?"ன்னார். அந்த நோட்டுதான் கிட், கோடுல எதை, எப்ப, யார் மாத்துனாங்கன்னு பதிஞ்சு வைக்கற சாஃப்ட்வேர். இனிமே கீழ நான் சொல்றதெல்லாம் அந்த நோட்டை எப்படிப் போடறதுங்கறதுதான், தனி ஆளா சின்ன புராஜெக்ட் செய்யறவங்களுக்காக எழுதறேன், பெரிய கம்பெனில இருக்கறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், கமாண்டையெல்லாம் நான் தமிழ் எழுத்துலதான் எழுதுறேன், நீங்க டெர்மினல்ல அடிக்கறப்ப இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க.

கிட் எங்கருந்து வந்துச்சுன்னா, லினக்ஸ் எழுதின அதே லினஸ் டோர்வால்ட்ஸ்தான் 2005 ஏப்ரல்ல எழுதுனார். லினக்ஸ் கெர்னல் கோடை அதுவரைக்கும் பிட்கீப்பர்னு ஒரு சாஃப்ட்வேர்ல வச்சிருந்தாங்க, அதை ஓசில குடுத்துட்டிருந்தவங்க நிறுத்திட்டாங்க, இவர் உக்காந்து சொந்தமா ஒண்ணு எழுதி சில நாள்லயே கிட்டோட கோடையே கிட்டுக்குள்ள வச்சுட்டார். கிட்ஹப் வேற, அது 2008ல வந்த வெப்சைட், கிட்டுல இருக்கற புராஜெக்டை நெட்டுல வச்சுக்க ஒரு இடம். இது ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு "நெட் இல்லாம கிட் ஓடாதுல்லங்ணா"ன்னு கேக்கற காலேஜ் பசங்களை நான் நிறைய பாத்துட்டேன். ஓடும். அதுக்கு ஏற்காட்டுக் கதை ஒண்ணு இருக்கு, அப்புறம் சொல்றேன்.

விண்டோஸ்னா கிட் ஃபார் விண்டோஸ்னு தேடி அவங்க சொந்த சைட்லருந்து இறக்கி இன்ஸ்டால் பண்ணுங்க, கூடவே கிட் பேஷ்னு ஒரு கருப்பு ஸ்கிரீன் வரும், இனிமே அதுலதான் வேலை. இன்ஸ்டால் ஆகறப்ப ஏகப்பட்ட கேள்வி கேக்கும், எடிட்டர் எதுன்னு கேக்கற இடத்துல மட்டும் விம்மை விட்டுட்டு நோட்பேடோ விஎஸ் கோடோ குடுங்க, மத்ததுக்கெல்லாம் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்தான். விம்ல மாட்டிக்கிட்டு வெளிய வரத் தெரியாம கம்ப்யூட்டரையே ஆஃப் பண்ணவன் நான், அதான் சொல்றேன். (மாட்டிக்கிட்டா எஸ்கேப் அடிச்சுட்டு கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர்.) உபுண்டுன்னா சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கிட், முடிஞ்சுது.

அடுத்து உங்க பேரைச் சொல்லணும், நோட்டுல கையெழுத்து யாருதுன்னு தெரியணும்ல:

கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம் "உங்க பேர்"
கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.இமெயில் "உங்க மெயில்"

இந்த மெயில் ஒவ்வொரு கமிட்லயும் (நோட்டுல போடற ஒரு பதிவுக்குப் பேர்தான் கமிட்) பதிஞ்சுடும், புராஜெக்டைப் பப்ளிக்கா வச்சா யார் வேணா பாக்கலாம். சொந்த மெயில் தெரியக் கூடாதுன்னா கிட்ஹப் செட்டிங்ஸ்ல நோரிப்ளைன்னு ஒரு மறைப்பு மெயில் குடுப்பாங்க, அதைப் போட்டுக்கோங்க. இன்னொண்ணு, இது நம்ம ஆளுங்களுக்கு மட்டும் வர்ற தொல்லை. ஃபைல் பேரைத் தமிழ்ல வச்சா கிட் ஸ்டேட்டஸ்ல பேருக்குப் பதிலா பேக்ஸ்லாஷும் நம்பருமா வரும், ஃபைல் கெட்டுப் போச்சுன்னு பயந்துடாதீங்க, கோர்.கோட்பாத் ஃபால்ஸ்னு (மேற்கோள் குறிக்குச் சொல்ற கோட், க்யூல ஆரம்பிக்கறது) ஒரு கான்ஃபிக் போட்டா தமிழ் தமிழாவே தெரியும்:

கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்

இப்ப புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள போய்,

கிட் இனிட் -பி மெயின்

(இந்த -பி, பில்லோட முதல் எழுத்து.) அந்த ஃபோல்டருக்குள்ள மறைஞ்சு .கிட்னு ஒரு ஃபோல்டர் உருவாகும், அதான் நோட்டு. அதைத் தொடாதீங்க. முக்கியமா, இந்த புராஜெக்டை கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரி தானா சிங்க் ஆகற ஃபோல்டருக்குள்ள வைக்காதீங்க, கிட் உள்ள எழுதிட்டிருக்கறப்பவே அது பாதிய மேல ஏத்தும், ரெண்டு மெஷின்ல திறந்தா நோட்டு கிழிஞ்சு போற வாய்ப்பு இருக்கு.

உடனே கமிட் பண்ண ஓடாதீங்க, அவசரப்பட்டா இங்கதான் மாட்டிப்பீங்க. முதல்ல .கிட்இக்னோர்னு ஒரு ஃபைல் போடணும், எதெல்லாம் நோட்டுல ஏறக் கூடாதுன்னு வரிக்கு ஒண்ணா எழுதற ஃபைல். என் பில்லிங் புராஜெக்ட்ல என்னென்ன போட்டேன்னா, .என்வி ஃபைல் (டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, எஸ்எம்எஸ் அனுப்பற கீ எல்லாம் அதுலதான்), நோட்_மாடியூல்ஸ் ஃபோல்டர் (எப்ப வேணா திரும்ப இறக்கிக்கலாம், எதுக்கு ஆயிரக்கணக்குல ஃபைலை ஏத்தணும்), பைதான்காரங்களுக்கு வென்வ், பைகேஷ் ஃபோல்டரும், அப்புறம் பட்டறையோட நிஜ டேட்டாபேஸ் ஃபைல். கடைசிதான் ரொம்ப முக்கியம், அது நம்ம சொத்து இல்ல, யாருக்கு எவ்ளோ வெள்ளி குடுத்தாங்கங்கற அவங்க தொழில் கணக்கு. நோட்பேடுல சேவ் பண்றப்ப .கிட்இக்னோர்.டிஎக்ஸ்டின்னு பின்னாடி ஒரு வாலோட சேவ் ஆகும், விண்டோஸ் அந்த வாலை மறைச்சே காட்டும், நீங்க எல்லாம் சரியா எழுதிட்டேன்னு இருப்பீங்க, கிட் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. சேவ் பண்றப்ப ஆல் ஃபைல்ஸ்னு மாத்திக்கோங்க.

இன்னொரு விஷயம், ஏற்கனவே கமிட் ஆயிட்ட ஃபைலை அப்புறமா இக்னோர்ல எழுதினா வேலைக்கு ஆகாது. கிட் ஆர்எம் --கேஷ்டு போட்டு அந்த ஃபைலை நோட்டுலருந்து எடுக்கணும், டிஸ்க்ல அது அப்படியேதான் இருக்கும். ஆனா பழைய கமிட்கள்ல அது இருந்துட்டேதான் இருக்கும், அதனால பாஸ்வேர்டு ஒரு தடவை நெட்டுக்கு ஏறிருச்சுன்னா அழிக்கறதுக்கு மெனக்கெடாம முதல்ல அந்த பாஸ்வேர்டையே மாத்திடுங்க.

சரி, இப்ப முதல் கமிட்.

கிட் ஸ்டேட்டஸ்
கிட் ஆட் .
கிட் ஸ்டேட்டஸ்
கிட் கமிட் -எம் "முதல் பதிவு: இப்ப பட்டறைல ஓடற கோடு"

ஸ்டேட்டஸை ரெண்டு தடவை போட்டது கை தவறி இல்லைங்க. ஆட் பண்ணின உடனே எது எது உள்ள போகுதுன்னு ஒரு தடவை கண்ணால பாருங்க, .என்வி உள்ள இருக்கான்னு பாருங்க. ஆட்ங்கறது தராசுத் தட்டுல எடுத்து வைக்கறது, கமிட்ங்கறது எடையைப் பாத்து நோட்டுல எழுதறது, தட்டுல இருக்கறவரைக்கும் எடுத்துக் கீழ வச்சுக்கலாம் (கிட் ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு, அப்புறம் ஃபைல் பேர்; முதல் கமிட்டே இன்னும் ஆகலன்னா மட்டும் கிட் ஆர்எம் --கேஷ்டு). இந்த ரெண்டு படி எதுக்குன்னு ஆரம்பத்துல எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு நாள்ல பில் ஹெட்டிங்கையும் மாத்துவோம், கூலிக் கணக்கையும் மாத்துவோம், ரெண்டும் ஒரே ஃபைல்லயே இருக்கும். கிட் ஆட் -பின்னு (இந்த பி, புஷ்ஷோட முதல் எழுத்து) போட்டா மாத்தத்தைத் துண்டு துண்டா காட்டி இதை எடுக்கவா வேண்டாமான்னு கேக்கும், ஒய் இல்ல என் அடிச்சுட்டே போனா ஹெட்டிங் ஒரு கமிட், கூலி ஒரு கமிட்னு பிரிச்சுடலாம். நாளைக்குக் கூலிக் கணக்கு தப்புன்னா அதை மட்டும் எடுத்துடலாம், ஹெட்டிங் அப்படியே நிக்கும்.

கமிட் பண்றதுக்கு முன்னாடி கிட் டிஃப் போட்டுப் பாக்கற பழக்கம் இருந்திருந்தா எனக்கு அந்த வெள்ளிக் கதையே நடந்திருக்காது. ஆட் பண்றதுக்கு முன்னாடின்னா சும்மா கிட் டிஃப், ஆட் பண்ணிட்டீங்கன்னா கிட் டிஃப் --ஸ்டேஜ்டு. அது காட்டறது இப்படித்தான் இருக்கும்:

- சுத்தம் = ரவுண்ட்(எடை * டச் / 100, 3)
+ சுத்தம் = இன்ட்(எடை * டச் / 100)

மைனஸ் போட்ட வரி போச்சு, பிளஸ் போட்ட வரி வந்துச்சு. 48.750 கிராம் எடை, 70 டச்சுன்னா மேல இருக்கற வரி 34.125னு சொல்லும், கீழ இருக்கறது 34னு சொல்லிட்டுப் போயிடும். ஸ்கிரீன்ல இதை ஒரு செகண்ட் பாத்திருந்தாலே "டேய்"ன்னு கை நின்னிருக்கும்.

கமிட் மெசேஜ் பத்தி எனக்குக் கொஞ்சம் கோவமே உண்டு. "அப்டேட்", "சேஞ்ச்", "ஃபிக்ஸ்", "ஃபிக்ஸ் 2"ன்னு எழுதறதுக்கு அந்த பதினாலு ஃபோல்டரே தேவலாம். என்ன மாத்துனீங்கன்னு டிஃப்ஃபே சொல்லிடும், ஏன் மாத்துனீங்கங்கறதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது. "பில் பிரின்டர்ல மூணு தசமம் வெட்டுப்பட்டு வந்ததால முழு கிராமா காட்டுது"ன்னு அன்னைக்கு எழுதியிருந்தா, பிரச்சனை பிரின்ட்லதான், கணக்குல கை வச்சது தப்புன்னு படிச்ச உடனே தெரிஞ்சிருக்கும். தமிழ்லயே எழுதுங்க, தாராளமா ஏத்துக்கும். முதல் வரி சின்னதா இருக்கட்டும், நிறைய சொல்லணும்னா ஒரு வரி காலியா விட்டுட்டு கீழ எழுதுங்க.

இப்ப இதை வேற ஒரு இடத்துலயும் வைக்கணும், லேப்டாப் போச்சுன்னா நோட்டும் போச்சு. கிட்ஹப்ல அக்கவுன்ட் போட்டு, புது ரிப்போன்னு (புராஜெக்டை வைக்கற இடம்) குடுத்து, பிரைவேட்னு தேர்ந்தெடுங்க, காசு கிடையாது. ரீட்மி அது இதுன்னு எதையும் டிக் பண்ணாம காலியா உருவாக்குங்க, இல்லன்னா முதல் புஷ்லயே (நம்ம கமிட்டை மேல அனுப்பறது) ரெண்டு பக்கமும் இடிக்கும். பழைய வீடியோ பாத்து பாஸ்வேர்டு அடிச்சுட்டு ஏன் வேலை செய்யலன்னு மண்டையை உடைச்சுக்காதீங்க, 2021 ஆகஸ்ட் 13லருந்து கமாண்ட்ல அக்கவுன்ட் பாஸ்வேர்டை அவங்க ஏத்துக்கறதில்ல. எஸ்எஸ்ஹெச் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா உங்க மெஷினை அடையாளம் காட்டற சாவி) போட்டுட்டா ஒரே வேலையா முடிஞ்சுடும்:

எஸ்எஸ்ஹெச்-கீஜென் -டி ஈடி25519

(-டிங்கறது டைப்போட முதல் எழுத்து, ஈடில வர்றது டிஸ்க்கோட முதல் எழுத்து.) என்டர் தட்டிட்டே போனா ரெண்டு ஃபைல் வரும், .பப்னு முடியறதைத் திறந்து உள்ள இருக்கறதைக் காப்பி பண்ணி கிட்ஹப் செட்டிங்ஸ்ல எஸ்எஸ்ஹெச் கீஸ்ல ஒட்டுங்க. இன்னொரு ஃபைல் உங்க வீட்டுச் சாவி, அதை யாருக்கும், எந்த வாட்ஸப்புக்கும் அனுப்பாதீங்க. அப்புறம் ரிப்போ பேஜ்ல எஸ்எஸ்ஹெச்ங்கற டேப்ல வர்ற அட்ரஸை எடுத்து,

கிட் ரிமோட் ஆட் ஆரிஜின் (அந்த அட்ரஸ்)
கிட் புஷ் -யு ஆரிஜின் மெயின்

அடுத்த தடவைலருந்து வெறும் கிட் புஷ் போதும். 100 எம்பிக்கு மேல ஒரு ஃபைல் இருந்தா கிட்ஹப் வாங்காது, பட்டறைக்காரர் அனுப்பின கொலுசு டிசைன் வீடியோவையெல்லாம் உள்ள போட்டு வச்சிருந்தா இங்க தெரியும்.

"எங்க கோடு நெட்டுக்கே போகக் கூடாது"ன்னு சொல்ற பார்ட்டியும் இருக்காங்க, செவ்வாய்ப்பேட்டைல பாதிப்பேர் அப்படித்தான், அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அதுக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போதும். டிஸ்க்ல ஒரு இடத்துல கிட் இனிட் --பேர் பட்டறை.கிட் (இந்தப் பேர் நேம் இல்ல, வெறும்னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் பி-ஏ-ஆர்-இ) போட்டு, அந்தப் பாதையையே ரிமோட்டா ஆட் பண்ணி புஷ் பண்ணுங்க, கிட்ஹப்புக்குப் பண்ற மாதிரியே வேலை செய்யும். ஓனர்ஷிப் சந்தேகமா இருக்குன்னு ஒரு எரர் வந்தா பதறாதீங்க, சரி பண்ற சேஃப்.டைரக்டரி கமாண்டை அந்த மெசேஜ்லயே எழுதியிருப்பாங்க, அதைக் காப்பி பண்ணி அடிங்க.

ஏற்காட்டுக் கதை சொல்றேன்னேன்ல. மேல ஒரு காபி எஸ்டேட்ல பழம் பறிக்கறவங்களுக்கு சாயங்காலம் எடை போட்டுக் கூலி எழுதற சின்ன ஆப் ஒண்ணு செஞ்சேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி அங்க போனா சிக்னல் மரத்துக்கு மரம் மாறும், எடை போடற ஷெட்டுல சுத்தமா கிடையாது. மேஸ்திரி பக்கத்துல உக்காந்து "இந்தப் பட்டன் பெருசா வேணும், மூட்டை எடையைக் கழிக்கணும்"னு சொல்லச் சொல்ல நான் மாத்தி மாத்தி அங்கயே கமிட் பண்ணிட்டிருந்தேன், மதியத்துக்குள்ள ஒன்பது கமிட். லாக் பாக்கறது (கிட் லாக் போட்டா பழைய கமிட்டெல்லாம் நம்பரோட வரும்), பழசுக்குப் போறது, பிராஞ்ச்னு தனிக் கிளை போடறது எல்லாமே நம்ம மெஷின்லயே நடக்கும், மொத்த நோட்டும் கைலயே இருக்கு. இறங்கி வந்து அடிவாரத்துல டீ குடிக்கறப்ப போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு புஷ், ஒன்பதும் ஏறிருச்சு.

பிராஞ்ச் பத்தி ரொம்ப பேச வேண்டாம். புதுசா ஒண்ணு முயற்சி பண்றீங்க, ஓடற கோடு கெடக் கூடாதுன்னா கிட் ஸ்விட்ச் -சி புது-கூலின்னு தனிக் கிளை பிரிங்க, சரியா வந்தா கிட் ஸ்விட்ச் மெயின், கிட் மெர்ஜ் புது-கூலி. தனி ஆளுக்கு இது போதும், அஞ்சாறு கிளை வச்சுக்கிட்டு படம் போட்டு விளக்கற முறையெல்லாம் பத்து பேர் இருக்கற டீமுக்கு.

ரெண்டு பேரா வேலை செஞ்சா கான்ஃப்ளிக்ட் வரும். நானும் என் ஃபிரண்டும் ஒரே நாள்ல சேதார வரியை மாத்திட்டோம், நான் புல் பண்ணினப்ப (மேல இருக்கறதை நம்ம மெஷினுக்கு இறக்கறது) ஃபைலுக்குள்ள இப்படி வந்து நின்னுச்சு:

<<<<<<< ஹெட்
சேதாரம் = 4
=======
சேதாரம் = பார்ட்டி.சேதாரம்
>>>>>>> (ஒரு நீளமான கமிட் நம்பர்)

மேல இருக்கறது என்னோடது, கீழ இருக்கறது அவனோடது. கிட் இங்க எதையும் கெடுக்கல, ரெண்டு கையெழுத்து இருக்கு, எது சரின்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்கன்னு நிக்குது, அவ்ளோதான். போன் போட்டேன், "மச்சான், பார்ட்டிக்குப் பார்ட்டி சேதாரம் மாறுதுடா, நாலுன்னு எப்படிப் போட்ட"ன்னான். அவன் வரியை வச்சுட்டு, என் வரியையும் அந்த மூணு குறி வரிகளையும் அழிச்சுட்டு, ஆட் பண்ணி கமிட் பண்ணேன். குறி வரியை அழிக்க மறந்து அப்படியே கமிட் பண்றவங்கதான் நிறைய. வேலை ஆரம்பிக்கறப்ப கிட் புல், முடிக்கறப்ப கிட் புஷ்னு பழகிட்டா இது பாதியா குறையும்.

தப்பாயிட்டா திரும்பறது எப்படி? கமிட் பண்ணாத மாத்தம் வேண்டாம்னா கிட் ரீஸ்டோர் ஃபைல்பேர், ஆனா அந்த மாத்தம் போனது போனதுதான். கடைசி கமிட் மெசேஜ்ல எழுத்துப் பிழைன்னா, இன்னும் புஷ் பண்ணலன்னா, கிட் கமிட் --அமென்ட். புஷ் பண்ணின கமிட்டைத் திருப்பணும்னா கிட் ரிவர்ட், அது பழசை அழிக்காது, அதுக்கு எதிர்ப்பதிவு ஒண்ணு போடும், கணக்குல நாம அடிச்சுத் திருத்தாம கீழ மாத்து எழுதறோம்ல அதே மாதிரி. கிட் ரீசெட் --ஹார்டு மட்டும் கைக்கு எட்டாத இடத்துல வைங்க, கமிட் ஆகாததை அழிச்சுட்டு சொல்ற பழைய கமிட்டுக்கே தள்ளிடும். அதை அடிச்சுட்டு கமிட்டெல்லாம் காணோம்னு வியர்த்துச்சுன்னா கிட் ரெஃப்லாக் போடுங்க, கமிட் ஆனது டீஃபால்ட்டா 30 நாளைக்காவது உள்ள கிடக்கும், நம்பரைப் பாத்து எடுத்துடலாம். கமிட்டே ஆகாததுக்கு ஒண்ணும் செய்ய முடியாது, மாசாந்திர பவர் ஷட்டவுன் அன்னைக்கு பேட்டரி தீர்ந்த லேப்டாப்போட நின்னவன் சொல்றேன், சின்னச் சின்னதா கமிட் பண்ணுங்க.

நான் முதல்ல தேடினேன்ல, எப்ப மாத்துனேன்னு, அதுக்கு கிட்டுல ரெண்டு வழி. எந்த வார்த்தை மேல சந்தேகம்னு தெரிஞ்சா கிட் லாக் -எஸ் "இன்ட்(" (இங்க மட்டும் எஸ் பெரிய எழுத்து), அந்த வார்த்தை கூடுன, குறைஞ்ச கமிட்டை மட்டும் தேதியோட காட்டும். எதுவுமே தெரியலன்னா பைசெக்ட்:

கிட் பைசெக்ட் ஸ்டார்ட்
கிட் பைசெக்ட் பேட்
கிட் பைசெக்ட் குட் (நல்லா ஓடுன பழைய கமிட் நம்பர்)

அது நடுவுல ஒரு கமிட்டை எடுத்துக் குடுக்கும், அந்த 48.750 கிராம் பில்லைப் போட்டுப் பாருங்க, சரியா வந்தா குட், இல்லன்னா பேட். மறுபடி பாதி, மறுபடி பாதி. 200 கமிட் இருந்தாலும் எட்டுத் தடவை பாத்தா போதும், இந்தக் கமிட்தான்னு நம்பரோட சொல்லிடும். முடிஞ்சதும் கிட் பைசெக்ட் ரீசெட் போட்டுட்டு வெளிய வாங்க.

கடைசியா, கடைல கொண்டு போய் வைக்கற ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு டேக் (அந்தக் கமிட்டுக்கு ஒட்டற பேர்ச்சீட்டு) போடுங்க:

கிட் டேக் -ஏ வி1.4 -எம் "பட்டறைல வச்சது"
கிட் புஷ் ஆரிஜின் வி1.4

அந்த நம்பரை பில் ஸ்கிரீன்ல கீழ ஓரத்துல சின்னதா காட்டற மாதிரியும் எழுதிடுங்க. போன வாரம் பட்டறைக்காரர் கூப்பிட்டு, "தம்பி, ஜிஎஸ்டி வரி ரெண்டு தடவை வருதுப்பா"ன்னார். ஸ்கிரீன் கீழ என்ன நம்பர் இருக்குன்னு கேட்டேன். "ஒண்ணு புள்ளி மூணு"ன்னார். 1.4ஐ அவர் அக்கவுன்டன்ட் இன்னும் ஏத்தவே இல்ல.